என் என்ற எழுத்து

பீல் நகரில் தெருவுக்கு இரண்டு பெயர்,
ஒரே பலகையில், ஜெர்மனும் பிரெஞ்சும்.
கண் மருத்துவமனையின் நிலவறையில்
நான்கு இயந்திரங்கள், நான்கு பிடிவாதம்:
லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி,
வரவேற்பறை ஒடில் குரோஜானின் ஆப்பிள்,
மூலையில் அலமாரி உயரத்துக்கு
ஒரு கிழட்டு சொலாரிஸ்.

நான்கின் நினைவையும் இரவோடு இரவாக
ஒரு நாடாவில் எழுதிவைக்க ஒரு மென்பொருள்.
"எல்லா யுனிக்ஸ்களிலும் இயங்கும்"
என்றது கையேடு,
எல்லா வீட்டு ரசமும் ஒன்றுதான் என்பதுபோல.

சொலாரிஸை மேக் என்று அழைத்தால் முறைத்தது.
ஜிமேக் என்றால்தான் காது கொடுத்தது.
ஃப்ரீபிஎஸ்டியில் நிறுவல் நிரல்
முதல் வரியிலேயே விழுந்து செத்தது:
பாஷ் இல்லையாம்.
இருக்கிறது ஐயா, வேறு தெருவில் குடியிருக்கிறது.
லினக்ஸில் இன்னும் வேடிக்கை.
வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்டது நிரல்,
ஜெர்மனில் வந்தது பதில்,
புரியாததால்
இடமே இல்லை என்று முடிவு கட்டியது.
(முதல் வருடம் நானும் இப்படித்தான்,
குடியேற்ற அலுவலகத்தில்.)
மொழி என்ற இடத்தில் சி என்று ஒற்றை எழுத்து போட்டேன்.
ஊர் மொழி எல்லாம் மறந்து
உடனே வேலை செய்தது.
எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் விட்டுவிட்டேன்.

சொலாரிஸின் எண்கள் தலைகீழாக வந்து சேர்ந்தன.
இருபத்தொன்றை
ஒன்றும் இருபதும் என்று சொல்கிற ஊரில்
பைட்டுகளை மட்டும் எப்படிக் கோபிப்பது?

பிறகு நாடா.
ஓய்வு பெற்றுப்போன ஷ்டெம்ப்ஃப்லி
சொலாரிஸின் நெற்றியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார்,
பச்சை மையில்: பூஜ்யம், என்.
கீழே இரண்டு கோடு:
என்னை மறவாதே.
நாடாவை லினக்ஸுக்கு மாற்றியது நான்தான்.
வாலில் அந்த என்னோடு அடித்தேன்,
அப்படி ஒரு சாதனமே இல்லை என்றது.
என்னை எடுத்தேன். ஓடியது.
பச்சை விளக்கு, 'வெற்றி' என்ற மின்னஞ்சல்,
விடிகாலை நாலேகாலுக்கு, தினமும்,
ஏழு மாதம்.

நேற்று ஒடில் ஒரு கோப்பைத் தவறி அழித்தாள்,
ஃபெப்ரவரியின் விழித்திரைப் படங்கள்,
திருமதி வுய்யுமியேயின் இடது கண்.
ஒரு நிமிடம் என்றேன்.
நாடாவை ஏற்றினேன்.
நேற்றிரவு இருந்தது.
நேற்றிரவு மட்டும் இருந்தது.

என் என்றால்
முடிந்ததும் பின்னால் சுற்றாதே என்று பொருள்.
சொலாரிஸில் அது வாலில்,
லினக்ஸில் தலையில்.
எனக்குத் தலை தெரியவில்லை, வாலை வெட்டினேன்.
ஒவ்வொரு இரவும் எழுதி முடித்து
நாடா பணிவாக ஆரம்பத்துக்குத் திரும்பியது.
அடுத்த இரவு அதன் மேலேயே எழுதியது.
இருநூற்றுச் சொச்ச இரவுகள்
ஒரே இரவின் அளவில்.

படம் பிழைத்தது.
கேமராவின் சொந்த வட்டு
அதை இன்னும் துடைத்திருக்கவில்லை.
அதில் என் சாமர்த்தியம் ஒரு துளி இல்லை.
ஒடிலிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.
சொன்னேன், மூன்றாவது காப்பிக்குப் பிறகு,
பிரெஞ்சில் 'சுற்று' என்பதற்குச் சொல் தேடித் தடுமாறி,
கையால் சுற்றிக் காட்டி.
அவள் நெடுநேரம் விரல்களை எண்ணினாள்.
"அப்படியானால் ஏழு மாதம்
நாம் கடவுளை நம்பியிருக்கிறோம்," என்றாள்,
"எனக்கே தெரியாமல்."

இன்றிரவு தலையில் எழுத்தைச் சேர்த்தேன்.
இரண்டு வேலைகளை அடுத்தடுத்து ஓடவிட்டு
மீட்டும் பார்த்தேன், இரண்டும் வந்தன.
பச்சை மைக் காகிதத்தை உரித்து
லினக்ஸின் நெற்றியில் ஒட்டப் போனேன்,
பசை செத்திருந்தது.
கண் கட்டுக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒரு துண்டு
மேல்மாடியிலிருந்து கேட்டு வாங்கினேன்.
பச்சைக்குக் கீழே நீலத்தில் எழுதினேன்,
தமிழில், யாருக்கென்று யோசிக்காமல்:
இங்கே, முன்னால்.